பெர்மிட் வருவதற்கு முன்னால்

துவாஸ் சோதனைச் சாவடியைத் தாண்டி இரண்டாவது பாலத்தில் பேருந்து ஏறியதும் பயணிகளின் தலை தானாக இடப்பக்கம் திரும்புகிறது. சேற்று நிறத்தில் ஜொகூர் நீரிணை. அதன் மறுகரையில், முன்பு கடலாக இருந்த இடத்தில், வரிசையாக உயர்ந்த கட்டடங்கள். ஃபாரஸ்ட் சிட்டி. 7 லட்சம் பேர் குடியேறப் போகிறார்கள் என்று அறிவித்து, கடலில் மணலைக் கொட்டி எழுப்பத் தொடங்கிய நகரம். பக்கத்து இருக்கையில் ஜொகூர்க்காரப் பெண் ஒருவர், சிங்கப்பூரில் இரவு வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவர். "ராத்திரியில பாருங்கண்ணே, எத்தனை வீட்டுல லைட்டு எரியுதுன்னு எண்ணிடலாம்" என்றார்.

எனக்கு அந்தக் கட்டடங்கள் முக்கியமில்லை. அவற்றின் காலடியில் ஒரு புல்வெளி இருக்கிறது. அதைப் பார்க்கத்தான் போய்க்கொண்டிருந்தேன்.

இரண்டாவது பாலத்தின் மலேசிய முனையும், தஞ்சோங் பெலப்பாஸ் துறைமுகமும், ஃபாரஸ்ட் சிட்டியும் கேலாங் பாத்தாவுக்குத் தெற்கே அருகருகே இருக்கின்றன. இவற்றின் இடுக்கில் தஞ்சோங் கூப்பாங்கின் மீனவக் கம்பங்கள், அதாவது கிராமங்கள். கடல் நன்றாக வற்றும் நாளாகப் பார்த்துப் படகெடுக்க வேண்டும். படகுக்காரர் மலாய் மீனவர். எனக்குத் தெரிந்த மலாயும் அவருக்குத் தெரிந்த ஆங்கிலமும் ஏறத்தாழ ஒரே அளவு, அதனால் பேச்சு சுருக்கமாகவே நடந்தது. அரை மணி நேரம் இயந்திரத்தை அணைத்துவிட்டுக் காத்திருந்தோம். தண்ணீர் இறங்க இறங்க மெராம்போங் என்ற கடற்புல் மேடு பச்சையாக வெளியே வந்தது.

இறங்கி நடந்தால் கணுக்கால் வரை சேறு. இரண்டு வகைப் புல்லை அவர் பிடுங்காமலே காட்டினார். ஒன்று முழங்கையைவிட நீளமான பட்டை இலை, நீர் இல்லாததால் ஒரே பக்கமாகச் சாய்ந்து படுத்திருந்தது. இன்னொன்று கட்டைவிரல் நகத்தைவிடச் சற்றுப் பெரிய முட்டை வடிவ இலை, மண்ணோடு ஒட்டி இணை இணையாக. "டுயோங் மக்கான்" என்றார். கடற்பசு மேய்வது இதைத்தான். பாக் நீரிணைப் பக்கம் ஆவுளியா என்று சொல்வார்களே, அதே விலங்கு. நம் பக்கம் அதற்கென்று 448 சதுர கிலோமீட்டர் பாதுகாப்புப் பகுதியைத் தமிழ்நாடு அரசு 2022இல் அறிவித்தது. இங்கே அதன் மேய்ச்சல் நிலத்தின் விளிம்பில் அடுக்குமாடிக் குடியிருப்பு.

படகின் அடியில் பிவிசி குழாயை ஒட்டிச் செய்த ஒரு சதுரச் சட்டம் கிடந்தது. பக்கத்துக்கு அரை மீட்டர். அதை மேட்டில் போட வேண்டும், உள்ளே எந்த வகைப் புல், நூற்றில் எத்தனை பங்கு மூடியிருக்கிறது, என்னென்ன உயிர்கள் என்று எழுத வேண்டும், பிறகு சட்டத்தைத் தூக்கிச் சில அடி தள்ளிப் போட வேண்டும். வேலை அவ்வளவுதான். வெயிலில் முதுகு வளைந்து, அடுத்த ஏற்றம் வருவதற்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் கஷ்டம். இதைக் கம்பத்துப் பிள்ளைகள் செய்கிறார்கள்.

2005இல் சூ சீ குவாங் என்ற ஆய்வாளர் இந்தக் கடற்பகுதியின் கடற்குதிரைகளைக் காப்பதற்கென்று 'சேவ் அவர் சீஹார்சஸ்' என்ற குழுவைத் தொடங்கினார். 2008இல் செரினா ரஹ்மான் என்ற ஆய்வாளர் உள்ளூர் மீனவக் குடும்பங்களோடு சேர்ந்து 'கெலாப் ஆலாமி' என்ற இயற்கைச் சங்கத்தை ஆரம்பித்தார். முன்னது வெளியிலிருந்து தன்னார்வலர்களைக் கூட்டி வந்தது. பின்னது கம்பத்துக்குள்ளேயே ஆள் தயார் செய்தது. அப்பா வலை இழுக்கும் இடத்தில் மகன் என்ன இருக்கிறது என்று எழுதி வைத்தான். ஃபாரஸ்ட் சிட்டி என்ற பெயரையே அப்போது யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

2014 தொடக்கத்தில் கடலில் மண் கொட்டத் தொடங்கினார்கள். கடற்கரையில் 50 ஹெக்டேருக்கு மேல் நிலம் மீட்பதென்றால் சுற்றுச்சூழல் பாதிப்பு மதிப்பீடு வேண்டும் என்பது மலேசியாவில் 1987ஆம் ஆண்டின் ஆணையிலேயே இருந்தது. விரிவான மதிப்பீடு இல்லாமல்தான் லாரிகள் ஓடின. மீனவர்கள் புகார் சொன்னார்கள். எதிர்க்கரையில் சிங்கப்பூர் அரசு, தன் கடலுக்கும் கரைக்கும் என்ன ஆகும் என்று விளக்கம் கேட்டது. 2014 ஜூனில் வேலை நிறுத்தப்பட்டது. மதிப்பீட்டு அறிக்கை தயாராகி, பொதுமக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டு, 2015 ஜனவரியில் ஒப்புதல் வந்தபோது திட்டம் சுருங்கியிருந்தது. நான்கு தீவுகள், மொத்தம் 1,386 ஹெக்டேர்.

இதைக் கம்பத்தின் வெற்றி என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சிங்கப்பூர்ப் பிரதமர் மலேசியப் பிரதமரிடம் பேசும் பேச்சுக்கு இருக்கும் எடை தஞ்சோங் கூப்பாங் மீனவரின் மனுவுக்கு இருந்திருக்காது. ஆனால் அந்த மேடு வெறும் சேறு அல்ல, அங்கே இன்னின்னது இருக்கிறது, இந்த வருடம் இவ்வளவு, போன வருடம் அவ்வளவு என்று சொல்ல ஆள் வேண்டியிருந்தது. ஆள் இருந்தார்கள். பெர்மிட் வந்த பிறகு எண்ணத் தொடங்கியிருந்தால் எண்ணுவதற்கு எதுவும் மிஞ்சியிருக்காது.

எண்ணூர்க் கழிமுகத்தின் பழைய வரைபடத்தைத் தகவல் அறியும் சட்டத்தின் கீழ் வாங்கி, புதிய வரைபடத்தில் ஆறே காணாமல் போனதைக் காட்டினார்களே, அது நினைவுக்கு வந்தது. அங்கே மனு போட ஒரு சட்டமாவது கையில் இருந்தது. மலேசியாவில் செலாங்கூர், பினாங்கு இரண்டும் 2011ஐ ஒட்டித் தங்களுக்கென்று தகவல் சுதந்திரச் சட்டம் செய்துகொண்டன. ஜொகூரில் அப்படி ஒன்று கிடையாது. அரசாங்கத்திடம் இருக்கும் கணக்கைக் கேட்டு வாங்க வழியில்லாத ஊரில், தன் கணக்கைத் தானே எழுதிக்கொள்வதைத் தவிர வேறென்ன செய்ய?

மாநிலம் மாநிலமாக ஏன் பிரித்துச் சொல்கிறேன் என்றால், மலேசியக் கூட்டரசு அமைப்புச் சட்டத்தின் ஒன்பதாவது அட்டவணையில் நிலமும் காடும் மாநிலப் பட்டியலில் இருக்கின்றன. மத்திய அரசு இருக்கும் புத்ராஜெயாவில் எத்தனை அமைச்சர்கள் தலையசைத்தாலும், மரம் வெட்டும் பெர்மிட்டில் கையெழுத்திடுவது மாநிலம். ஜொகூரில் அது கோத்தா இஸ்கந்தரில் நடக்கிறது. நம்மூர்ப் போராட்டக்காரர்கள் டெல்லி போகலாமா, தலைமைச் செயலகம் போகலாமா என்று யோசிப்பது போன்ற குழப்பம் இங்கே இல்லை. போக வேண்டிய வாசல் ஒன்றுதான். அது திறக்காவிட்டால் நீதிமன்றம்.

நீதிமன்றத்துக்குப் போனவர்களின் ஊரை அடுத்துப் பார்க்கப் போனேன். பார்க்கப் போனேன் என்பதுகூடச் சரியில்லை. கோத்தா திங்கிக்கு வடக்கே லிங்கியூ நீர்த்தேக்கம் இருக்கிறது. அதன் கரைக்கு வழிப்போக்கர் போய்விட முடியாது. ஜொகூர் ஆற்றின் பாலத்தில் நின்று, மேலே எங்கோ ஒரு காடு தண்ணீருக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம்.

1962ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி சிங்கப்பூர் இந்த ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 25 கோடி காலன் எடுக்கலாம். மழை குறைந்த நாட்களிலும் அந்த அளவு கிடைக்க வேண்டுமென்று 1990இல் இன்னொரு ஒப்பந்தம் போட்டு, லிங்கியூவில் அணை கட்டினார்கள். அணைக்காக எடுத்த நிலம் 53,273 ஏக்கர். அது ஜாகுன் பூர்வகுடிகள் வேட்டையாடி, பிரம்பும் பிசினும் எடுத்து, பழமரங்கள் வளர்த்த காடு. 1954ஆம் ஆண்டின் பூர்வகுடிகள் சட்டம் அவர்களுடைய மரத்துக்கும் பயிருக்கும் விலை கொடுக்கச் சொல்கிறது. காட்டுக்கு? காடு அரசாங்கத்துடையது, அதற்கு ஏன் அவர்களுக்கு விலை என்பது மாநிலத்தின் பேச்சு.

அடோங் பின் குவாவும் மற்ற 51 பேரும் ஜொகூர் மாநில அரசின் மீது வழக்குத் தொடுத்தார்கள். ஜொகூர் பாரு உயர்நீதிமன்றத்தில் நீதிபதி மொக்தார் சிடின் 1996 நவம்பர் 21 அன்று தீர்ப்பளித்தார். ஆஸ்திரேலியாவில் 1992இல் வந்த மாபோ தீர்ப்பை அவர் துணைக்கு எடுத்துக்கொண்டார். தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டில் திரிந்து பிழைக்கும் உரிமை இவர்களுக்கு உண்டு, அது சொத்துரிமை போன்றது, இழப்பீடு தராமல் அதைப் பறிப்பது அமைப்புச் சட்டத்தின் 13ஆவது பிரிவுக்கு விரோதம் என்றார். இழப்பீடு 26.5 மில்லியன் வெள்ளி (ரிங்கிட்). மேல்முறையீட்டு நீதிமன்றமும் இதை ஒப்புக்கொண்டது. தீபகற்ப மலேசியாவில் பூர்வகுடிகளுக்குப் பாரம்பரிய நில உரிமை உண்டென்று சொன்ன முதல் தீர்ப்பு இது. சட்டமன்றத்தில் ஒரு வரி மாறாமலே நாட்டின் நிலக்கொள்கை மாறியது.

கோத்தா திங்கியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து, காகிதக் கைதுடைப்பானில் ஒரு வகுத்தல் போட்டேன். 26.5 மில்லியனை 53,273ஆல் வகுத்தால் ஏக்கருக்கு 500 வெள்ளிக்குச் சற்றுக் குறைவு. அதே நிலத்தின் பயனை நிரந்தரமாக இழப்பதற்காக ஜொகூர் அரசு சிங்கப்பூரிடம் வாங்கிய இழப்பீடு 320 மில்லியன் வெள்ளி. ஏக்கருக்கு 6,000 வெள்ளி. நிலவாடகையும் முன்பணமும் தனி. கடைக்காரம்மா கணக்கை எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன தம்பி, எஸ்டேட் வாங்கப் போறீங்களா?" என்று கேட்டார்.

தோட்டம் என்ற சொல்லுக்கு இங்குள்ள தமிழரிடம் இருக்கும் கனம் தமிழ்நாட்டில் கிடையாது. இந்த அம்மாவின் தகப்பனார் பால்மரம் வெட்டியவர். லயத்தில் பிறந்து, லயத்திலேயே பிழைத்து, தோட்டத்தை விற்றபோது பெட்டியோடு வெளியே வந்த குடும்பம். ஜாகுன்களுக்குக் கிடைத்த தீர்ப்பைச் சொன்னேன். "நாங்க அங்க அம்பது வருசம் இருந்தோம். யாரும் எங்க கிட்ட நிலம்னு ஒன்னும் பேசலையே" என்றார். நியாயமான கேள்விதான். தோட்டத் தொழிலாளிக்கு நிலத்தோடு இருந்தது கூலிக் கணக்கு மட்டும் என்றது சட்டம். தொழிற்சங்கம் சம்பளம் பேசியது, வீடு பேசத் தொடங்குவதற்குள் பல தோட்டங்கள் கைமாறிவிட்டன. பூர்வகுடிகளின் பக்கமோ, அடோங் தீர்ப்புக்குப் பின்னால் வழக்கறிஞர் மன்றமும், கொலின் நிக்கலஸ் 1989இல் தொடங்கிய ஒராங் அஸ்லி (பூர்வகுடிகள்) நலனுக்கான மையமும் வேறு வேறு கிராமங்களில் இறங்கின. மூதாதையர் கல்லறை எங்கே, டுரியான் மரம் எத்தனை, எந்த ஓடை வரை எல்லை என்று கிராமத்தாரோடு நடந்து வரைபடம் போட்டார்கள். 2002இல் செலாங்கூரில் தெமுவான் மக்கள் சாகோங் தாசி வழக்கில் வென்றபோது, நிலத்தின் மேலேயே உரிமை என்ற அடுத்த படி ஏறியாகிவிட்டது.

அடுத்து ஒரு காடு. அது இருக்கும் ஜொகூரின் வடகிழக்கு மூலைக்குப் போக குளுவாங் வழி. குளுவாங் ரயில் நிலையக் காப்பிக்கடையைப் பற்றி எல்லோரும் எழுதியிருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். ரொட்டி நன்றாகத்தான் இருந்தது.

அங்கிருந்து கஹாங். கஹாங்கில் நான்கு சக்கர வண்டி மாற்றிக்கொண்டு ஐம்பது கிலோமீட்டருக்கு மேல் செம்மண் பாதை. முதல் பாதி செம்பனை, கண்ணுக்கு எட்டிய தூரம் செம்பனை. வண்டியை ஓட்டியவர் குளுவாங் தமிழர். கூட அவருடைய மகன். முதன்முதலில் ஓட்டுப் போட்ட கதையை அந்தப் பையன் வழியெல்லாம் சொல்லிக்கொண்டு வந்தான்.

அந்தக் கதைக்கும் ஒரு சங்கம் காரணம். மலேசியாவில் ஓட்டுரிமை 21 வயதில்தான் இருந்தது. அதுவும் தானே போய்ப் பதிந்துகொள்ள வேண்டும். 2016இல் தர்மா பிள்ளை, கைரா யூஸ்ரி என்ற இரண்டு மாணவர்கள் 'உண்டி 18' என்று ஒரு இயக்கத்தை ஆரம்பித்தார்கள். கட்சிக் கொடி இல்லை. எம்.பி.க்களை ஒவ்வொருவராகப் பிடித்துப் பேசினார்கள், ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி வித்தியாசம் பார்க்காமல். 2019 ஜூலை 16 அன்று மக்களவையில் அமைப்புச் சட்டத் திருத்தம் 211 ஓட்டுகளோடு எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. வயது 18, பதிவும் தானாக. பிறகு ஆட்சி மாறியது, நோய்த்தொற்று வந்தது, அமலாக்கத்தைத் தள்ளிப்போடுகிறோம் என்றார்கள். இளைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 2021 டிசம்பர் முடிவதற்குள் அமல்படுத்து என்று கூச்சிங் உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. புதிய பட்டியலோடு முதலில் நடந்த மாநிலத் தேர்தல் ஜொகூருடையது, 2022 மார்ச் 12.

"அப்பா வரலண்ணே. நான்தான் போனேன்" என்றான் பையன்.

"மழை" என்றார் அப்பா, ஸ்டியரிங்கை விடாமல்.

அன்று ஓட்டுப் போட்டவர்கள் நூற்றுக்கு 55 பேர்தான். எல்லை இன்னும் முழுதாகத் திறக்காததால் சிங்கப்பூரில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான ஜொகூர்க்காரர்களால் நினைத்த மாத்திரத்தில் வந்து போக முடியவில்லை. ஒரு சட்டத்தை மாற்றுவதற்கு ஐந்து வருடம் மெனக்கெட்டவர்களால், சட்டம் மாறிய பிறகு ஆட்களை வீட்டிலிருந்து கிளப்ப முடியவில்லை. அதற்கு அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அது வேறு வேலை. கட்சிகள் செய்ய வேண்டியது.

செம்பனை முடிந்து காடு தொடங்கும் இடம் கத்தியால் வெட்டியது போலத் தெரிகிறது. கம்போங் பேத்தா, ஜாகுன் கிராமம். எண்டாவ்-ரொம்பின் தேசியப் பூங்காவின் ஜொகூர் வாசல். நவம்பரிலிருந்து பருவமழைக்காக மூடிவிடுவார்கள். நான் போனது வறண்ட மாதம், எண்டாவ் ஆறு தேநீர் நிறத்தில் அமைதியாக இருந்தது.

இந்தக் காட்டின் கதை 1977இல் சூடுபிடிக்கிறது. மூன்றாவது மலேசியத் திட்டத்தில் இது தேசியப் பூங்காவாக வேண்டிய இடம் என்று எழுதியாகிவிட்டது. பாதிக்காடு ஜொகூரில், பாதி பகாங்கில். பகாங் மாநிலம் காட்டின் நடுப்பகுதியில் மரம் வெட்ட உரிமம் கொடுத்தது. மத்திய அரசு ஆட்சேபித்தது. நிலம் எங்களுடையது என்றது பகாங். பத்திரிகைகள் நிரம்பி வழிந்தன. 1940இல் தொடங்கிய மலாயா இயற்கைச் சங்கம், குர்மித் சிங் நடத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சங்கம், பினாங்கு பயனீட்டாளர் சங்கம் எல்லாம் ஒரே குரலில் பேசிய அபூர்வமான காலம். பயனீட்டாளர் சங்கத்தின் தலைவர் எஸ்.எம். முகமது இத்ரிஸ் தமிழ்நாட்டில் பிறந்து பினாங்கில் வேரூன்றியவர். அவர் தலைமையில் நடந்த சகாபாட் ஆலாம் மலேசியாவுக்கு 1988இல் ரைட் லைவ்லிஹூட் விருது கிடைத்தது. 2019இல் அவர் காலமாகும்வரை மலேசியாவில் எந்த அமைச்சருக்கும் அவருடைய கடிதத்தை உறையைப் பிரிக்காமல் ஓரமாக வைக்கும் துணிச்சல் இருந்திருக்காது என்று நினைக்கிறேன். அதே வருடங்களில் கேரளத்தில் சாஸ்திர சாகித்ய பரிஷத் சைலண்ட் வேலிக்காக வீதியில் நின்றுகொண்டிருந்தது. இரண்டு ஊர்க்காரர்களும் ஒருவரை ஒருவர் அறிந்திருந்தார்களா என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

1978இல் மரம் வெட்டுவது நின்றது. ஆனால் நின்றது நிரந்தரமல்லவே. மலாயா இயற்கைச் சங்கம் அடுத்துச் செய்ததுதான் என்னைப் பேத்தா வரை இழுத்து வந்தது. 1985 ஜூனிலிருந்து ஒரு வருடம், அறிவியலாளர்களையும் தன்னார்வலர்களையும் மாற்றி மாற்றி ஜொகூர்ப் பக்கக் காட்டுக்குள் அனுப்பியது. ஜாசின் ஆறு சேரும் குவாலா ஜாசினில் முகாம். கிவ் போங் ஹியாங் என்ற விலங்கியலாளர் தலைமை. பாறை, மீன், பாசி, பூச்சி, வௌவால், மரம் என்று ஒவ்வொன்றாகப் பட்டியல் போட்டார்கள். சங்கத்தின் தலைவர் சாலே முகமது நோர் அப்போதுதான் அரசாங்கத்தின் வன ஆராய்ச்சி நிறுவனத்துக்கும் தலைவராகியிருந்தார். தமிழ்நாட்டில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். போராடும் சங்கத்தின் தலைவரும் அரசு நிறுவனத்தின் தலைவரும் ஒரே ஆளா? மலேசியாவில் அப்படித்தான் பல காரியங்கள் நடந்திருக்கின்றன. சங்கங்களுக்கு அங்கே பதிவாளரின் கடிவாளம் உண்டு, ஊர்வலத்துக்கு இடம் குறைவு. ஆகவே கதவைத் தட்டுகிறவர் ஏற்கெனவே உள்ளே ஒரு நாற்காலி வைத்திருப்பவராக இருப்பது உதவுகிறது. அது எனக்கு முழுக்கப் பிடித்த வழி அல்ல. உள்ளே நாற்காலி இல்லாதவர் என்ன செய்வார்?

பயணத்தின் பலன் மேலே ஜானிங் பீடபூமியில் இருக்கிறது. ஏற்றம் செங்குத்து, வேர்களைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். மேலே போனதும் மரங்கள் குட்டையாகி, ஒளி மாறி, எங்கு பார்த்தாலும் ஒரே விசிறிப் பனை. இலை வட்டமாகப் பிளந்து, ஒவ்வொரு கீற்றின் நுனியிலும் ஒரு துளி நீர். எண்டாவ் பெயரையே வாங்கிக்கொண்ட பனை இது. லிவிஸ்டோனா எண்டாவென்சிஸ் என்று 1987இல், அந்தப் பயணத்துக்குப் பிறகு, அறிவியல் உலகுக்கு அறிமுகமானது. பெயர் சூட்டிய கட்டுரை வெளிவந்தது சங்கத்தின் சொந்த ஆய்விதழில். ஓர் இடத்தின் பெயரையே சுமக்கும் பனை ஒன்று காகிதத்தில் ஏறிவிட்டால், அந்த இடத்தை வெறும் மரக்கட்டை என்று பேசுவது கடினம்.

மத்திய அரசு 1980இல் ஒரு தேசியப் பூங்காச் சட்டம் கொண்டுவந்தது. காட்டைக் கூட்டரசின் கையில் கொடுக்க மாநிலங்கள் தயாராக இல்லை. ஜொகூர் 1989இல் தனக்கென்று ஒரு பூங்காக் கழகச் சட்டம் செய்துகொண்டு, 1993இல் 48,905 ஹெக்டேரைப் பூங்காவாக அரசிதழில் வெளியிட்டது. 1977இல் இருந்து எண்ணினால் 16 வருடம். பகாங் தன் பக்கத்தைத் தனியாக வைத்துக்கொண்டது. ஒரே காட்டுக்கு இரண்டு வேலி, யானைக்கு மட்டும் தெரியாது.

காண்டாமிருகத்துக்கும் தெரியாது என்று எழுத ஆசை. எழுத முடியாது. இந்தக் காட்டைக் காக்கச் சொன்னவர்கள் முதலில் உச்சரித்த பெயர் சுமத்ரா காண்டாமிருகம். தீபகற்பத்தில் அது பிழைத்திருக்க நல்ல இடம் இதுதான் என்று வாதாடினார்கள். காடு பிழைத்தது. மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகம் இமான் 2019 நவம்பரில் சபாவில் செத்தது.

வழிகாட்டி ஜாகுன் இளைஞர். உப்பே கூலிங் அருவியில், தண்ணீர் பல காலமாகச் சுழன்று பாறையில் குடைந்த குழிகளில் கால் வைத்து உட்கார்ந்து பேசினோம். குளுவாங் பையன் மொழிபெயர்த்தான். பூங்கா வந்தது நல்லதா என்று கேட்டேன். மரவாடிக்காரன் வந்திருந்தால் இதுகூட இருந்திருக்காது, வேலையும் கிடைக்கிறது என்றார். சற்று நேரம் கழித்துத் தானாகச் சொன்னார். எண்ணி எழுத வந்தவர்களுக்கு எந்த ஓடையில் எது இருக்கிறது என்று வழிகாட்டியது அவருடைய தாத்தா காலத்து ஆட்கள். "புத்தகத்துல பனைக்குப் பேரு இருக்கு. தாத்தா பேரு இல்ல" என்று பையன் தமிழில் சொன்னபோது, அது அவருடைய சொல்லா, பையனே சேர்த்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

திரும்பும்போது மாசாயில் ஒரு நாள். மாசாயும் பாசிர் கூடாங்கும் ஆலைகளும் தமிழ்க் குடும்பங்களும் நெருங்கி வாழும் ஊர்கள். 2019 மார்ச் 7 அன்று கிம் கிம் ஆற்றில் யாரோ இரவோடு இரவாக ரசாயனக் கழிவைக் கொட்டினார்கள். ஆற்றை ஒட்டிய பள்ளிகளில் பிள்ளைகள் வாந்தி எடுத்து மயங்கினார்கள். ஒரு வாரத்துக்குள் பாசிர் கூடாங் வட்டாரத்தின் 111 பள்ளிகளும் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்கு வந்தார்கள். அப்போது சுற்றுச்சூழல் தரச் சட்டத்தில் இருந்த உச்ச அபராதம் 5 லட்சம் வெள்ளி. கழிவை முறையாக அகற்ற ஆகும் செலவோடு ஒப்பிட்டால், பிடிபட்டாலும் நஷ்டமில்லை என்று சங்கங்கள் எவ்வளவோ காலமாகச் சொல்லிவந்தன. கேட்பதற்கு கிம் கிம் தேவைப்பட்டது. அதற்குப் பிறகும் ஐந்து வருடம் ஆனது. 2024இல் சட்டத்தைத் திருத்தி உச்ச அபராதத்தை 1 கோடி வெள்ளியாக்கினார்கள்.

தேநீர்க்கடையில் பேச்சுக் கொடுத்தவருக்கு அந்த வருடம் இரண்டு பிள்ளைகள் பள்ளியில். கைபேசியை எடுத்துத் தங்கள் குடியிருப்பின் வாட்ஸாப் குழுவைக் காட்டினார். நடுவில் பிறந்தநாள் வாழ்த்துகளும் கோயில் திருவிழா அழைப்பும் இருந்தாலும், சில செய்திகள் ஒரே மாதிரி இருந்தன. தேதி, மணி, எந்தப் பக்கக் காற்று, என்ன நாற்றம், யார் வீட்டுப் பிள்ளைக்கு இருமல். ஒரு ஆசிரியை இதையெல்லாம் மாதாமாதம் தாளில் எடுத்து வைக்கிறாராம்.

"யாருக்குக் கொடுப்பாங்க?"

"யாரும் கேக்கலண்ணே இன்னும். கேட்டா இருக்கணும்ல" என்றவர், கைபேசியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு என்னிடம் திரும்பினார். "நீங்க சென்னைன்னீங்களே. மணலி பக்கம் இது மாதிரி எழுதி வைக்கிறாங்களா?"

எண்ணூரில் மீனவர்கள் வைத்திருக்கிறார்கள், வரைபடத்தையே தோண்டி எடுத்தார்கள் என்றேன். எப்படி எடுத்தார்கள், மனுவுக்கு எவ்வளவு கட்டணம், எத்தனை நாளில் பதில் வரும் என்று அடுக்கிக்கொண்டே போனார். பத்து ரூபாய், முப்பது நாள் என்றதும் கடைக்காரரைக் கூப்பிட்டு அவருக்கும் ஒருமுறை சொல்லச் சொன்னார்.